வளைகாப்பு முடிந்து வருகிறவளை வாசலோடு அனுப்பிவிடாதீர்கள்

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களில் தனியார் மகப்பேறு மருத்துவமனை நடத்தும் டாக்டர்களுக்கு,

வணக்கம்.

டெல்டாவில் ஓர் அரசு மருத்துவமனையின் நம்பிக்கை மையத்தில் ஆலோசகராகப் பல வருடங்கள் வேலை பார்த்தவள் நான். எச்.ஐ.வி பரிசோதனைக்கு இரத்தம் எடுப்பதற்கு முன்பும் முடிவு வந்த பிறகும் எதிரே உட்கார்ந்து பேசுவதுதான் அந்த வேலை. நான் பேசியவர்களில் பெரும்பாலோர் கர்ப்பிணிகள். உங்களில் சிலருக்கு என் குரல் தெரிந்திருக்கும். நடுராத்திரியில் போன் போட்டு, "ஒரு எச்.ஐ.வி ரியாக்டிவ் வந்திருக்கும்மா, வலி எடுத்திடுச்சு, இப்ப என்ன கொடுக்கணும்?" என்று கேட்டு, சொன்னதையெல்லாம் செய்து, தாயையும் பிள்ளையையும் நல்லபடியாக அனுப்பிவைத்த டாக்டர்கள் உங்களில் இருக்கிறார்கள். அவர்களுக்கு நன்றி சொல்லிவிட்டுத்தான் இதைத் தொடங்க வேண்டும். அவர்கள் செய்ததை மற்றவர்களும் செய்ய முடியும் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் எழுதுகிறேன்.

கேட்க வந்தது இதுதான். வேறு ஊரில் கர்ப்பத்தைப் பதிவு செய்து, வேறு ஊரில் மாத்திரை வாங்கி, பிரசவத்துக்கு மட்டும் தாய்வீட்டுக்கு வந்து, கடைசி நேரத்தில் உங்கள் வாசலில் நிற்கும் எச்.ஐ.வி உள்ள பெண்ணைத் திருப்பி அனுப்பாதீர்கள். அவள் விஷயத்தை வராந்தாவில் போட்டு உடைக்காதீர்கள். அவள் குழந்தைக்குப் போய்ச் சேர வேண்டிய மருந்தை, பிறந்த முதல் சில மணி நேரத்துக்குள் கொடுத்துவிடுங்கள்.

உங்களுக்குத் தெரிந்த விஷயங்கள்தான் பல. ஆனாலும் இது திறந்த மடல். உங்கள் வரவேற்பறையில் உட்கார்ந்திருக்கும் பெண்ணும் அவள் மாமியாரும்கூடப் படிக்கலாம். அதனால் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன்.

எச்.ஐ.வி உள்ள தாய்க்கு எந்தச் சிகிச்சையும் கொடுக்காமல் விட்டால், நூறு குழந்தைகளில் 15-இலிருந்து 45 குழந்தைகள் வரை தொற்றோடு வளரும். வயிற்றில் இருக்கும்போதே சில குழந்தைகளுக்கும், பிரசவ நேரத்தில் பலருக்கும், தாய்ப்பால் வழியாகச் சிலருக்கும் போகிறது. தாய் ஒழுங்காக மருந்து சாப்பிட்டு, குழந்தைக்கும் மருந்து கொடுத்தால், தாய்ப்பால் கொடுத்தாலும் நூறுக்கு ஐந்துக்குக் கீழே இறங்கிவிடுகிறது. கர்ப்பத்துக்கு முன்பே மருந்து ஆரம்பித்து, பிரசவத்துக்கு முன் இரத்தத்தில் வைரஸ் தெரியாத அளவுக்கு அடங்கிவிட்டால் நூறில் ஒன்றுகூட வராத நிலை. 1994-இல் சிடோவுடின் என்ற ஒரே மருந்தைக் கொடுத்து, தொற்றும் விகிதம் மூன்றில் இரண்டு பங்கு குறைவதை அமெரிக்காவிலும் பிரான்சிலும் நடந்த ஆய்வில் காட்டினார்கள். அப்புறம் நம் ஆஸ்பத்திரிகளுக்கு நெவிரபின் வந்தது. வலி எடுக்கும்போது தாய்க்கு ஒரு மாத்திரை, பிறந்ததும் குழந்தைக்கு ஒரு வேளை சொட்டு மருந்து. அவ்வளவுதான் அன்றைக்கு நம் கையில் இருந்தது. அதிலேயே எத்தனையோ பிள்ளைகள் தப்பித்தார்கள். 2014-இலிருந்து நாடு முழுவதும் நிலைமை வேறு. பாசிட்டிவ் என்று தெரிந்த கர்ப்பிணிக்கு, நோய் எதிர்ப்பு அணுக்களின் அளவான சிடி4 எவ்வளவு என்று பார்த்துக்கொண்டிருக்காமல், அன்றைக்கே கூட்டு மருந்து. அதுவும் ஆயுள் முழுவதும். இப்போது டெனோபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் மூன்றும் சேர்ந்து ஒரே மாத்திரையாக, ஒரு நாளைக்கு ஒன்று, இலவசமாகக் கிடைக்கிறது.

இந்தியாவில் எச்.ஐ.வி முதன்முதலில் கண்டறியப்பட்டதே நம் சென்னையில்தான், 1986-இல், டாக்டர் சுனிதி சாலமன் குழுவால். மாநில அளவில் எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் என்று ஒன்றை 1994-இல் அமைத்து மற்ற மாநிலங்களுக்கு வழிகாட்டியதும் தமிழ்நாடுதான். அறிவுக்கும் மருந்துக்கும் இங்கே பஞ்சம் இல்லை. ஜூன் 12-இல் மேட்டூரைத் திறந்துவிட்டார்கள் என்று செய்தியில் கேட்டால் மட்டும் கடைமடைக்காரன் நாற்றங்கால் விட்டுவிடுவதில்லை. தண்ணீர் அவன் வாய்க்காலுக்கு வர வேண்டும். இந்த மருந்துக்குக் கடைமடை உங்கள் லேபர் வார்டு.

ஏன் உங்களைக் குறிப்பிட்டுச் சொல்கிறேன்? அரசு மருத்துவமனைக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் வரும் பெண்களை ஒரு சங்கிலி பிடித்துக்கொள்கிறது. கிராம சுகாதார செவிலியர் வீட்டுக்குப் போய்ப் பார்க்கிறார். நம்பிக்கை மையத்தில் பெயர் இருக்கிறது. எச்.ஐ.வி மருந்து கொடுக்கும் ஏ.ஆர்.டி மையத்தில் மாத்திரை வாங்கின தேதி இருக்கிறது. ஒரு மாதம் வரவில்லை என்றால் யாராவது போன் செய்து கேட்பார்கள். இந்தச் சங்கிலி அறுந்துபோகிற இடம் ஒன்று உண்டென்றால், அது வளைகாப்பு.

நம் ஊர்ப் பழக்கம் உங்களுக்குத் தெரியும். கட்டிக்கொடுத்தது திருப்பூருக்கோ சென்னைக்கோ இருக்கும். கர்ப்பம் பதிவானது, அதற்கு அரசு கொடுக்கும் பிக்மி நம்பர் வாங்கியது, ஸ்கேன் எடுத்தது, எல்லாம் அங்கே. ஏழாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ வளையல் போட்டு, சித்ரான்னம் கட்டி, தாய்வீட்டுக்கு அழைத்து வருகிறார்கள். தலைப்பிரசவம் பெற்றவர்கள் பொறுப்பு. பெண் வருகிறாள், அவள் ஃபைல் வருவதில்லை. வந்தாலும் அதில் முக்கியமான தாளை அவளே எடுத்து ஒளித்துவைத்திருப்பாள். ஏனென்றால் தாய்வீட்டில் அந்த விஷயம் யாருக்கும் தெரியாது.

ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்கிறேன். அடையாளம் தெரியக்கூடாது என்பதால் சில விவரங்களை விட்டுவிடுகிறேன். திருப்பூரில் பனியன் கம்பெனியில் புருஷனோடு சேர்ந்து வேலை பார்த்தவள். மூன்றாம் மாதப் பரிசோதனையில் தெரிந்து, அங்கேயே மாத்திரை ஆரம்பித்துவிட்டாள். அவளுக்கும் புருஷனுக்கும் தவிர வேறு யாருக்கும் தெரியாது. ஒன்பதாம் மாதம் மன்னார்குடிப் பக்கம் அம்மா வீட்டுக்கு வந்தாள். மாத்திரை டப்பா பைக்குள் குலுங்கிச் சத்தம் போடுகிறது என்று உள்ளே பஞ்சை அடைத்து, லேபிளைச் சுரண்டி எடுத்துவிட்டு, கால்சியம் மாத்திரை டப்பாவின் லேபிளை மேலே ஒட்டி வைத்திருந்தாள். எல்லோரும் படுத்த பிறகு தண்ணீர் குடிக்கப் போகிற சாக்கில் அடுப்படியில் நின்று போட்டுக்கொள்வாள். ஒரு வேளைகூடத் தவறவில்லை.

அவள் அப்பா குத்தகை நிலத்தில் சம்பா போட்டிருந்தவர். கடன் வாங்கியாவது மூத்த பெண்ணுக்குத் தனியாரில்தான் பிரசவம் பார்க்க வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தார். வலி எடுத்ததும் அவர் கொண்டுபோய்ச் சேர்த்த மருத்துவமனையில், அவளிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் இரத்தம் எடுத்தார்கள். கொஞ்ச நேரத்தில் லேப்பிலிருந்து வந்த பையன், வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்த அம்மாவிடம் நேராகப் போய், "உங்க பொண்ணுக்கு எச்.ஐ.வி இருக்கு, இங்க பாக்க மாட்டாங்க" என்றான். சுற்றி நாலைந்து குடும்பம். கேஸ் ஷீட்டின் மேல் சிவப்பு மார்க்கரில் கொட்டை எழுத்தில் எழுதி, 108-ஐக் கூப்பிட்டு ஏற்றிவிட்டார்கள். அந்த மருத்துவமனை எது என்று இங்கே சொல்லப்போவதில்லை. அப்படி நடந்துகொண்டது அது ஒன்று மட்டும் இல்லை.

அரசு மருத்துவமனை லேபர் வார்டுக்கு வந்து சேர்ந்த கொஞ்ச நேரத்தில் பிரசவம் ஆகிவிட்டது. சுகப்பிரசவம். குழந்தைக்கு உடனே மருந்து கொடுத்தார்கள். பதினெட்டாம் மாதம் எடுத்த கடைசிப் பரிசோதனையிலும் குழந்தைக்குத் தொற்று இல்லை. சிகிச்சைக் கணக்கில் பார்த்தால் வெற்றி. ஆனால் பெற்ற அம்மா வார்டு வாசல் வரைக்கும் வந்து, உள்ளே வராமல் திரும்பிப் போனார். பச்சை உடம்புக்காரிக்கு வெந்நீர் வைத்துக் கொடுக்கக்கூட ஆள் இல்லாமல், பக்கத்துக் கட்டில்காரி கொண்டுவந்து கொடுத்தாள். "மாத்திரைய ஒழுங்கா சாப்பிட்டா ஒண்ணும் ஆகாதுன்னு திருப்பூர்ல சொன்னாங்கக்கா. நான் ஒழுங்காத்தானே சாப்பிட்டேன்?" என்று என்னிடம் கேட்டாள். எனக்குச் சொல்ல எதுவும் வரவில்லை.

டாக்டர்களே, இதில் இன்னொரு கேடு இருக்கிறது. இப்படி ஒன்று நடந்தால் அது பாசிட்டிவ் பெண்களுக்குள் போய்விடும். மாத்திரை வாங்க வரும் இடத்தில் அவர்கள் ஒருவருக்கொருவர் பேசிக்கொள்வார்கள். அடுத்து உங்களிடம் வருகிறவள் வாயே திறக்கமாட்டாள். திருப்பூரில் பார்த்த ஃபைல் தொலைந்துபோச்சு என்பாள். உங்கள் லேப்பிலும் அவசரத்தில் பரிசோதனை விட்டுப்போனால், அந்தக் குழந்தைக்கு மருந்து கொடுக்க வேண்டும் என்பதே யாருக்கும் தெரியாமல் போகும். மூன்று நாளில் டிஸ்சார்ஜ், கையில் பால் பவுடர் டப்பா, கார் ஏறிப் போய்விடுவார்கள். முதல் பெண்ணைத் துரத்தியவர் ஒருவர். பாதிக்கப்படுவது வேறு யாரோ பெற்ற பிள்ளை.

சரி, என்ன செய்யலாம்?

எட்டாம் மாதத்துக்கு மேல் வெளியூரிலிருந்து புதிதாக வரும் எந்தப் பெண்ணையும் முதல் தடவை தனியாகப் பாருங்கள். அம்மா, அத்தை, நாத்தனார் எல்லோரையும் வெளியே உட்காரச் சொல்லுங்கள். "பழைய ஃபைல் எங்கே?" என்று அதட்டாமல், "தினமும் ஏதாவது மாத்திரை சாப்பிடுறியாம்மா? எதுவா இருந்தாலும் சொல்லு, எங்ககிட்டயே இருக்கும்" என்று கேட்டால் பத்தில் எட்டுப் பேர் சொல்லிவிடுவார்கள். என் அனுபவத்தில் பார்த்தது இது. கேட்கிற முகத்தைப் பார்த்துத்தான் அவர்கள் பதில் வருகிறது.

இதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியதற்கு மருத்துவக் காரணமும் உண்டு. டோலுடெக்ராவிர் சாப்பிடுகிறவளுக்கு நீங்கள் எழுதும் இரும்புச்சத்து மாத்திரையும் கால்சியமும் வெறும் வயிற்றில் ஒரே நேரத்தில் போனால், அந்த மருந்து உடம்பில் சரியாகச் சேராது. இவற்றுக்கு இரண்டு மணி நேரம் முன்னாலோ ஆறு மணி நேரம் பின்னாலோ அதைச் சாப்பிட வேண்டும். இல்லாவிட்டால் எல்லாவற்றையும் சாப்பாட்டோடு சேர்த்துச் சாப்பிட வேண்டும். கர்ப்பிணி என்றாலே இரும்பும் கால்சியமும் எழுதுகிறோம். அவள் என்ன சாப்பிடுகிறாள் என்று தெரியாமல் எழுதினால், நல்லது செய்ய நினைத்தே கெடுதல் செய்கிறோம். பிரசவ நாளிலும் அந்த மாத்திரை நிற்கக் கூடாது. "வலி எடுத்தாச்சு, வாயில ஒண்ணும் போடாதே" என்று சிஸ்டர் சொல்லிவிட்டால், பயத்தில் அதையும் சேர்த்து நிறுத்திவிடுகிறார்கள்.

32-இலிருந்து 36 வாரத்துக்குள் வைரல் லோடு, அதாவது இரத்தத்தில் வைரஸ் எவ்வளவு என்று, பார்ப்பது வழக்கம். அந்த ரிப்போர்ட் இருக்கிறதா என்று கேளுங்கள். ஆயிரத்துக்குக் கீழே இருந்தால் குழந்தைக்கு ஆபத்து குறைவு. அதற்கு மேல் இருந்தாலோ, ரிப்போர்ட்டே இல்லை என்றாலோ குழந்தைக்கு ஒரு மருந்து போதாது, இரண்டு வேண்டும். எச்.ஐ.வி என்ற ஒரே காரணத்துக்காக ஆபரேஷன் தேவையில்லை. பனிக்குடத்தைத் தேவையில்லாமல் முன்கூட்டி உடைக்காமல், ஆயுதம் போடுவதைக் கூடுமானவரை தவிர்த்து, சுகப்பிரசவமே பார்க்கலாம். "இந்தக் கேஸுக்கு சிசேரியன்தான், அதுக்குத் தனி கிட், தனி சார்ஜ்" என்று பில் போட்டதாக என்னிடம் வந்து அழுத குடும்பங்கள் உண்டு. தயவுசெய்து அதை விட்டுவிடுங்கள்.

வலியோடு வந்த இடத்தில்தான் முதன்முதலாக ரியாக்டிவ் என்று தெரிகிறதா? ஒரு கிட்டில் கோடு விழுந்ததை வைத்து யாரையும் பாசிட்டிவ் என்று முடிவு கட்டக் கூடாது. மூன்று வேறு வேறு கிட்டுகளில் பார்த்துத்தான் உறுதி செய்ய வேண்டும். ஆனால் சிகிச்சை அதற்காகக் காத்திருக்கக் கூடாது. தாய்க்கு அப்போதே மாத்திரை, பிறந்ததும் குழந்தைக்கு மருந்து, உறுதிப்படுத்துவது மறுநாள். மருந்துக்கு நம்பிக்கை மையத்தைக் கூப்பிட்டால் வழி சொல்வார்கள். தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற பெரிய இடங்களில் ஏ.ஆர்.டி மையமே இருக்கிறது. 1097 என்ற இலவச எண்ணில் கேட்டாலும் பக்கத்தில் எங்கே கிடைக்கும் என்று சொல்வார்கள். தனியார் மருத்துவமனைகளே அரசோடு ஒப்பந்தம் செய்துகொண்டு, பயிற்சியும் கிட்டும் இலவசமாகப் பெற்று, தங்கள் இடத்திலேயே பரிசோதனை மையம் நடத்தும் ஏற்பாடும் இருக்கிறது. நிறையப் பிரசவம் பார்க்கும் உங்களில் பலர் இதற்கு விண்ணப்பிக்கலாம்.

உங்கள் பக்கத்துப் பயத்தை நான் இல்லை என்று சொல்லவில்லை. பிரசவ அறையில் இரத்தமும் பனிக்குட நீரும் தெறிக்கும். இரண்டு கையிலும் ஊசி நூலோடு நிற்கிற சிஸ்டருக்கு வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருக்கும். ஆனால் ரிசல்ட் தெரியாத எல்லாப் பெண்களுக்கும் நீங்கள் பிரசவம் பார்க்கிறீர்கள். கையுறை, ஏப்ரன், கண்ணாடி, ஊசியைத் திரும்ப மூடாமல் போடுவது எல்லாம் ஒவ்வொரு பிரசவத்துக்கும் வேண்டியது. அப்படியும் ஊசி குத்திவிட்டால் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, முடிந்தால் இரண்டு மணி நேரத்துக்குள், எப்படியும் 72 மணி நேரத்துக்குள் தடுப்பு மாத்திரை ஆரம்பித்து 28 நாள் சாப்பிட வேண்டும். அரசு மருத்துவமனையில் கிடைக்கும். உங்கள் சிஸ்டர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும் என்று ஒருநாள் கேட்டுப் பாருங்கள். இது தெரிந்த வார்டில் பயம் தானாகக் குறைவதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

சட்டமும் இருக்கிறது. எச்.ஐ.வி, எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம் 2017-இல் நிறைவேறி, 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் உள்ளது. தெரிவித்துச் சம்மதம் வாங்காமல் பரிசோதனை செய்யக் கூடாது, சம்மதம் இல்லாமல் மற்றவர்களிடம் சொல்லக் கூடாது, தொற்றைக் காட்டி மருத்துவம் மறுக்கக் கூடாது. அரசுக்கும் தனியாருக்கும் ஒன்றேதான். ஊழியர்களுக்குப் பாதுகாப்பு உபகரணமும் தடுப்பு மருந்தும் கொடுக்க வேண்டிய கடமையையும் அதே சட்டம் நிர்வாகத்தின் மேல் வைக்கிறது. உங்களை மிரட்ட இதைச் சொல்லவில்லை. கேஸ் ஷீட்டில் சிவப்பு மார்க்கரைக் கண்டால் இனிமேல் நீங்களே சிஸ்டரைக் கூப்பிட்டுக் கண்டிக்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

இன்னொரு விஷயம், அதிகம் பேசப்படாதது. மூன்றாம் மாதம் நெகட்டிவ் என்றால் பிரசவம் வரைக்கும் நெகட்டிவ் என்று நாம் எடுத்துக்கொள்கிறோம். ஒரு தாய் பிள்ளைக்கு ஒரு வயது ஆன பிறகு என்னிடம் வந்தாள். குழந்தைக்கு எடை ஏறவில்லை, வயிற்றுப்போக்கு நிற்கவில்லை, எங்கெங்கோ காட்டியாகிவிட்டது. கர்ப்பத்தின் தொடக்கத்தில் எடுத்த நெகட்டிவ் ரிப்போர்ட்டைப் பத்திரமாகப் பிளாஸ்டிக் கவரில் வைத்திருந்தாள். புருஷன் வளைகுடாவில் வேலை. வளைகாப்புக்கு வந்தவன் திரும்பிப் போகவில்லை. விசா புதுப்பிக்கப் போன மெடிக்கலில் 'அன்ஃபிட்' என்று திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். எதனால் என்று அவன் வீட்டில் சொல்லவில்லை. இப்போது தாய்க்கும் பிள்ளைக்கும் இரண்டு பேருக்குமே தொற்று. புதிதாகத் தொற்று வந்த சில வாரங்களில் இரத்தத்தில் வைரஸ் மிக அதிகமாக இருக்கும். கர்ப்பத்திலோ பால் கொடுக்கும்போதோ அது நடந்தால் பிள்ளைக்குப் போகும் வாய்ப்பும் அதிகம்.

வெளிநாட்டுக்குப் போகிறவர்கள்மேல் பழி போட இதைச் சொல்லவில்லை. கூத்தாநல்லூரிலும் முத்துப்பேட்டையிலும் அவர்கள் அனுப்பும் பணத்தில்தான் உங்கள் மருத்துவமனை பில்லே கட்டப்படுகிறது. நான் கேட்பது கடைசி மூன்று மாதத்தில் இன்னொரு பரிசோதனை. முடிந்தால் புருஷனையும் சேர்த்து. மனைவிக்கு ஸ்கேன் பார்க்க வரும் அன்றைக்கு, "நீங்களும் ஒருதரம் இரத்தம் கொடுத்துட்டுப் போங்க, அப்பாவுக்கும் பாக்குறது வழக்கம்" என்று எல்லா ஆண்களிடமும் சொன்னால், யாரையும் தனியாகச் சந்தேகிப்பதாக ஆகாது. சிபிலிஸ் என்ற பால்வினை நோய்க்கும் அப்போதே பார்த்துவிடலாம். அதுவும் தாயிடமிருந்து பிள்ளைக்குப் போவதுதான்.

கர்ப்பத்தின் நடுவில் தொற்று வந்தாலும் எல்லாம் போய்விட்டது என்று அர்த்தம் இல்லை. 2018 டிசம்பரில் சாத்தூரில், இரத்தம் ஏற்றியதில் ஒரு கர்ப்பிணிக்குத் தொற்று வந்த கொடுமை நாடறிந்தது. அவருக்கு மதுரை அரசு மருத்துவமனையில் சிகிச்சை கொடுத்தார்கள். 2019 ஜனவரியில் பிறந்த குழந்தைக்கு எடுத்த பரிசோதனையில் தொற்று இல்லை என்றே வந்தது. அந்தப் பெண்ணுக்கு நடந்த அநியாயத்தை அது ஈடுகட்டிவிடாது. ஆனால் தாமதமாகத் தெரிந்தாலும் மருந்து வேலை செய்யும் என்பதற்கு நம் மாநிலத்திலேயே இதைவிடக் கண்ணெதிரே வேறென்ன சாட்சி வேண்டும்?

குழந்தை பிறந்த பிறகு செய்ய வேண்டியதுதான் உங்கள் மருத்துவமனைகளில் அதிகம் விட்டுப்போகிறது. நெவிரபின் சிரப், இரண்டரை கிலோவுக்கு மேல் எடையுள்ள குழந்தைக்கு ஒரு நாளைக்கு ஒன்றரை மில்லி. ஊசி இல்லாத சிரிஞ்சில் இழுத்து, கன்னத்தின் உள்பக்கமாகச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். நாக்கின் நடுவில் விட்டால் துப்பிவிடும். முதல் வேளையைத் தாயையே கொடுக்க வைத்துப் பாருங்கள். கை நடுங்கும், இரண்டாம் நாள் சரியாகிவிடும். ஆறு வாரம் இப்படிக் கொடுக்க வேண்டும். ஆபத்து அதிகம் உள்ள குழந்தை தாய்ப்பால் குடித்தால் பன்னிரண்டு வாரம், அதுவும் இரண்டு மருந்து.

பால் விஷயத்தில் நீங்கள் ஒரே குரலில் பேச வேண்டும். மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடும் தாய் முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் கொடுக்கலாம். அது முடியவே முடியாதென்றால், சுத்தமாகக் கலக்க வசதி இருந்தால், வெளிப்பால் மட்டும் கொடுக்கலாம். இரண்டையும் கலந்து கொடுப்பதுதான் ஆகாது. மற்ற உணவு பட்டுப் புண்படும் பிஞ்சுக் குடலின் வழியாக வைரஸ் சுலபமாக நுழையும். நம் வீடுகளில் நடப்பது என்ன? பிறந்ததும் யாராவது ஒரு பெரியவர் சேனை வைப்பார். சர்க்கரைத் தண்ணீரோ தேனோ கழுதைப்பாலோ. பத்து நாள் ஆனால் வசம்பு, ஜாதிக்காய், மாசிக்காய் இழைத்து உரைமருந்து. பாட்டி மனசு நிறைந்து செய்வது. அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் உங்கள் அறையில் டாக்டரம்மா வாயால், "ஆறு மாசத்துக்குத் தாய்ப்பாலத் தவிர ஒரு சொட்டுத் தண்ணிகூடக் கூடாது" என்று எல்லாப் பாட்டிகளிடமும் சொன்னால் கேட்டுக்கொள்வார்கள். எல்லாக் குழந்தைக்கும் சொல்லும் அறிவுரை என்பதால் இந்தப் பெண்ணின் விஷயமும் வெளியே வராது. அதைவிட்டு, "உனக்கு எச்.ஐ.வி, பால் கொடுக்காதே" என்று சொல்லி பவுடர் டப்பாவைக் கையில் கொடுத்தால் நடப்பது வேறு. வீட்டில் மாமியார் "ஏன் பால் கொடுக்கல?" என்று கேட்கும்போது அவள் பகலில் நெஞ்சோடு அணைத்துக்கொள்வாள், ராத்திரி புட்டி கொடுப்பாள். எதைத் தவிர்க்க நினைத்தோமோ அதுவே நடக்கும்.

ஆறாவது வாரம், வைரஸையே தேடும் பரிசோதனைக்காக, குழந்தையின் குதிகாலில் குத்தி இரத்தம் எடுப்பார்கள். காலை வெதுவெதுப்பான துணியால் சுற்றிச் சூடாக்கி, ஓரமாகக் குத்தி, முதல் சொட்டைத் துடைத்துவிட்டு, ஃபில்டர் பேப்பரில் அச்சடித்த வட்டம் ஒவ்வொன்றையும் ஒரே சொட்டில் நிரப்ப வேண்டும். வெயில் படாமல் காயவைத்து லேப்புக்கு அனுப்புவார்கள். மறுபடி ஆறாம் மாதம், பன்னிரண்டாம் மாதம். பதினெட்டாம் மாதம் கடைசிப் பரிசோதனை. அதற்குள் சாதாரண எச்.ஐ.வி கிட்டில் பார்த்து பாசிட்டிவ் என்று தாயை உயிரோடு கொல்லாதீர்கள். தாயின் எதிர்ப்புப் பொருள் பதினெட்டு மாதம் வரைக்கும் குழந்தையின் இரத்தத்தில் இருக்கும். அந்தக் கிட் காட்டுவது அதைத்தான். இந்தத் தவறான ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு என் முன்னால் உட்கார்ந்த தாய்மார்கள் பலர்.

இந்தப் பதினெட்டு மாதமும் அவள் எந்த ஊரில் இருப்பாள்? மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ பிள்ளையைத் தூக்கிக்கொண்டு புகுந்த வீட்டுக்குத் திரும்பிவிடுவாள். அங்கே மறுபடி சங்கிலி அறும். டிஸ்சார்ஜ் அன்றைக்கு, அவள் சம்மதத்தோடு, இங்குள்ள நம்பிக்கை மைய ஆலோசகரோடு போனிலாவது பேசவைத்து அனுப்புங்கள். அவர் அந்த ஊர் ஆலோசகரிடம் ஒப்படைத்துவிடுவார். பிக்மி நம்பர் எல்லாப் பெண்ணுக்கும் இருக்கிறது. முத்துலட்சுமி ரெட்டி உதவித்தொகைக்கும் பிறப்புச் சான்றிதழுக்கும் அதைக் கேட்பதால் யாரும் தொலைப்பதில்லை. ஆள் எங்கே போனாலும் அதை வைத்துக் கண்டுபிடிக்கலாம். ஆனால் அந்த அட்டையிலோ டிஸ்சார்ஜ் சம்மரியின் முதல் பக்கத்திலோ எச்.ஐ.வி என்று எழுதிவிடாதீர்கள். அந்தத் தாளை வீட்டில் எல்லோரும் எடுத்துப் பார்ப்பார்கள்.

கோடியக்கரைக்கு எதிரே, கடலுக்கு அந்தப்பக்கம் இருக்கும் இலங்கை, தாயிடமிருந்து பிள்ளைக்கு எச்.ஐ.வியும் சிபிலிஸும் போவதை ஒழித்துவிட்டது என்று உலக சுகாதார நிறுவனத்திடம் 2019-இல் சான்று வாங்கிவிட்டது. தாய்லாந்து 2016-இலேயே வாங்கியது. நம்மைவிட அவர்களிடம் அதிகமாக எந்த மருந்தும் இல்லை. கர்ப்பிணிகளில் நூறுக்கு 95 பேராவது பரிசோதிக்கப்பட வேண்டும், பாசிட்டிவ் வந்தவர்களில் நூறுக்கு 95 பேராவது மருந்து சாப்பிட வேண்டும் என்பது அந்தச் சான்றுக்கான அளவுகளில் சில. தனியாரில் பிரசவம் பார்த்துக்கொள்கிறவர்களை விட்டுவிட்டு அந்தக் கணக்கை நாம் எட்டவே முடியாது.

உங்களிடம் இரண்டே கோரிக்கை. ஒன்று, உங்கள் ஊர் நம்பிக்கை மைய ஆலோசகரின் எண்ணையும், ஏ.ஆர்.டி மையத்தின் எண்ணையும் வாங்கி லேபர் வார்டு போனுக்குப் பக்கத்தில் ஒட்டிவையுங்கள். ராத்திரி டியூட்டி சிஸ்டருக்கு அது எங்கே இருக்கிறது என்று தெரிந்திருக்கட்டும். இரண்டு, உங்கள் மருத்துவர் சங்கக் கிளையின் அடுத்த மாதக் கூட்டத்தில் இதற்கு அரை மணி நேரம் ஒதுக்குங்கள். டாக்டர்கள் மட்டும் வந்தால் போதாது. லேபர் வார்டு சிஸ்டர்களும், லேப் டெக்னீசியன்களும், முன்னால் டோக்கன் கொடுக்கிற பெண்ணும் வர வேண்டும். சிரிஞ்சில் மருந்து இழுப்பது முதல் ஒரு பெண்ணிடம் தனியாகக் கேட்பது எப்படி என்பது வரை செய்து காட்ட இங்கே ஆலோசகர்கள் இருக்கிறார்கள். கூப்பிட்டால் நானும் வருகிறேன். கும்பகோணமானாலும் சரி, வேதாரண்யமானாலும் சரி, பஸ் ஏறி வந்துவிடுவேன்.

அன்புடன்,
நம்பிக்கை மையத்தில் வேலை பார்த்த ஓர் ஆலோசகர்,
திருவாரூர் மாவட்டம்.